ஆசை நம்முடையது, கணக்கு பிள்ளை பேரில்

திருவனந்தபுரத்தில் ஆசையே இல்லாத மனிதர்களைப் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு என்ட்ரன்ஸ் கோச்சிங் சென்டர் வாசலுக்குப் போங்கள். தம்பானூரிலிருந்து கேசவதாசபுரம் வரைக்கும் தேடிக் களைக்க வேண்டியதில்லை, எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அப்பாக்கள், டிபன் பையைப் பிடித்தபடி அம்மாக்கள். யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நமக்கு இனிமே என்ன சார் ஆசை? எல்லாம் இதுங்களுக்காகத்தானே" என்பார்கள். சாலைக் கடைத்தெரு அண்ணாச்சி சொல்வதும் அதுதான், கரமனை அக்ரகாரத்து மாமி சொல்வதும் அதுதான், கழக்கூட்டத்திலிருந்து காரில் வந்திறங்கும் ஐடி தம்பதி சொல்வதும் அதேதான். புத்தர் அரசமரத்தடியில் பாடுபட்டு அடைந்த நிலையை நாம் ஒரு அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டே அடைந்துவிட்டோம்.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்த வாசலில் நானும் நிற்கிறவள் என்பதால் அதற்கு உரிமை இருக்கிறது.

நமக்கு ஆசை இல்லையா? கவடியாரில் வீடு கட்டிய கொழுந்தனாரைப் பார்த்து வருவதற்குப் பெயர் என்ன? நாகர்கோவில் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "மூத்தவன் என்ன பண்றான்?" என்று கேட்கும்போது முதுகு தானாக நிமிர்கிறதே, அல்லது வளைகிறதே, அது என்ன? 1990-களில் இரண்டு மார்க்கில் தவறிய மெடிக்கல் சீட்டை இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்லும் அப்பாக்கள் எத்தனை பேர்! ஆசைப்படுவதில் எனக்கு வழக்கே கிடையாது. வீட்டுக்கு ஆசைப்படுங்கள், காருக்கு ஆசைப்படுங்கள், நாலு பேர் மதிக்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள். சம்சாரிக்கு அழகே அதுதான். நம் ஆசையை எடுத்துப் பிள்ளையின் பெயரில் பட்டா மாற்றிவிட்டு, "எனக்கென்று ஒன்றுமில்லை" என்று கையை விரிக்கிறோமே, அங்கேதான் வழக்கு.

இதற்கு இந்த ஊரில் பெரிய முன்னுதாரணமே உண்டு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்று பெயர். ராஜா அன்றிலிருந்து பத்மநாப தாசர், அரசு ஸ்ரீ பத்மநாபனுடையது. ஆனால் 1758-ல் கண்மூடும் வரைக்கும் ஆண்டது யார்? அவர்தான். படை நடத்தியதும் வரி வாங்கியதும் டச்சுக்காரர்களோடு மாவேலிக்கரையில் ஒப்பந்தம் போட்டதும் அவர்தான். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஏற்பாட்டை மட்டும் பாருங்கள்: உடைமை ஒருவர் பேரில், ஆட்சி இன்னொருவர் கையில். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே. "எல்லாம் உனக்காக" என்று எழுதிக்கொடுத்துவிட்டு, எந்த ஸ்கூல், எந்த குரூப், எந்த டியூஷன், எந்தக் காலேஜ், பிறகு எந்தப் பெண் என்பதுவரை செங்கோலை நாமே வைத்திருக்கிறோம். பத்மநாபனாவது பள்ளிகொண்டிருக்கிறான். நம் பிள்ளை தூங்கினால் எழுப்பி உட்கார வைக்கிறோம்.

எங்கள் பக்கத்து ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஓண விழாவில் பார்த்த ஒரு காட்சி. பத்தாம் வகுப்பில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளுக்குப் பாராட்டு. மைக்கில் பேர் கூப்பிடுகிறார்கள். கவுன்சிலர் பொன்னாடை போர்த்துகிறார், மொமென்டோ கொடுக்கிறார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது பாடத்தில் ஏ பிளஸ், ஒன்றில் ஏ. அவள் பேர் வராது என்பது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள். அம்மா மட்டும் தட்டவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னாள். அதன் பிறகு அந்தப் பெண்ணும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

2024-ல் கேரளத்தில் பத்தாம் வகுப்பில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 71,000-க்கு மேல். ஒரு பரீட்சையில் எழுபதாயிரம் பேர் உச்சியில் நிற்கிறார்கள் என்றால் அது உச்சியா மைதானமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த மைதானத்துக்குள் நுழையாத பிள்ளை என்னவோ பள்ளத்தில் விழுந்துவிட்டது போல அழுகிறோம். ஜங்ஷனுக்கு ஜங்ஷன் ஃபிளக்ஸ் வைத்து, அதில் வார்டு மெம்பர் முகம் பெரிதாகவும் பிள்ளை முகம் தபால்தலை அளவிலும் இருந்தாலும், அதைப் போட்டோ எடுத்து குடும்பக் குரூப்பில் போட்டால்தான் நமக்கு அன்றைய சோறு இறங்குகிறது.

இதற்கு அடுத்த படிதான் என்ட்ரன்ஸ். 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாட்டில் எம்பிபிஎஸ் இடங்கள் 1.1 லட்சத்தை ஒட்டி. அதில் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரி இடங்கள் ஏறக்குறைய பாதி. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? பலசரக்கு வாங்கும்போது கால் கிலோ உளுந்துக்கு நாலு கடை விலை விசாரிக்கிறவர்கள் நாம். இங்கே மட்டும் கணக்கு மறந்துபோகிறது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கோச்சிங் சென்டர்கள் சேர்க்கக் கூடாது, ரேங்க் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு "ஃபவுண்டேஷன் கோர்ஸ் எங்கே நல்லா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ராஜஸ்தானின் கோச்சிங் நகரமான கோட்டாவில் பிள்ளைகள் உயிரை விடுவது நிற்காமல், 2023-ல் விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. விசிறியை மாற்றலாம், ரயிலேற்றி அனுப்பியவர்களை மாற்ற எந்தக் கலெக்டராலும் முடியாது. அதை நாமேதான் செய்ய வேண்டும். (பிள்ளையின் பேச்சில் வாழ்க்கை வெறுத்த தொனி கேட்டால் அட்வைஸ் பண்ண உட்காராதீர்கள். கேரள அரசின் திசா எண் 1056, மத்திய அரசின் டெலி மானஸ் 14416. முதலில் அங்கே போன் பண்ணுங்கள்.)

என்ட்ரன்ஸில் கிடைக்காவிட்டால் வெளிநாடு. கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் 2018-ல் 1.29 லட்சம், 2023-ல் இரண்டரை லட்சம். போகட்டும், உலகம் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் எம்.ஜி. ரோடு ஏஜென்சியில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "எங்க சொந்தத்தில் கனடா போகாத வீடு எங்க வீடு ஒண்ணுதான்" என்று அங்கிருந்த ஆலோசகரிடம் சொன்ன அப்பாவின் குரலில் இருந்தது பிள்ளையின் படிப்புக் கவலையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊரில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் 1970 முதல் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து 'மனோன்மணீயம்' நாடகத்தின் முன்பகுதியில் இருப்பது என்று நம் பிள்ளைகள் வினாடிவினாவில் டக்கென்று சொல்வார்கள். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நாடகம் 1891-ல் வெளிவந்தது. வாழ்த்துக்கு எழுந்து நிற்கிற நாம், உள்ளே என்ன கதை என்று உட்கார்ந்து படித்ததில்லை.

கதையில் இரண்டு அப்பாக்கள். ஒருவன் குடிலன், பாண்டியன் ஜீவகனின் மந்திரி. அவனுக்கு ராஜ்யத்தின் மேல் கண். நேராகக் கேட்க முடியுமா? மகன் பலதேவனை இளவரசி மனோன்மணிக்குக் கட்டிவைத்துவிட்டால் போதும். சேர அரசன் புருடோத்தமனுக்குப் பெண் பேசத் தூது அனுப்பும் வேளையில், அந்தத் தூதையே மகன் கையில் கொடுக்க வைக்கிறான். பையன் போய் நாஞ்சில்நாடு யாருக்கு என்ற பிரச்சினையைக் கிளறுகிறான், போர் மூளுகிறது. (நாஞ்சில்நாட்டுக்காரர்கள் நிறைந்த இந்த ஊரில் இதைப் படித்தால் ஒரு தனி ருசி.) பலதேவனுக்கு அந்த நாற்காலிக்கான தகுதியும் கிடையாது, பெரிய தாகமும் கிடையாது. அப்பனின் திட்டத்தில் அவன் ஒரு காய். குடிலனைத் திட்டுவது சுலபம். நான் பயப்படுவது இன்னொரு அப்பாவைப் பார்த்து: ஜீவகன். நல்லவன், மகள் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவன்தான் தோல்வியின் கலக்கத்தில், மகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசரத்தில், அவளை பலதேவனுக்கே கொடுக்க முடிவு செய்கிறான். அவளும் அப்பாவுக்காகச் சரி என்கிறாள். மனதில் வேறொருவன் இருந்தும் சரி என்கிறாள்! சுந்தர முனிவர் வெட்டிவைத்த சுரங்கம் மட்டும் இல்லாமலிருந்தால், அதன் வழியாகப் புருடோத்தமன் சமயத்துக்கு வந்து சேராமலிருந்தால், அந்த அன்பான அப்பாவே மகளைக் கெடுத்திருப்பான்.

நம் பிள்ளைகள் "சரிப்பா" என்று சொல்வது பெரும்பாலும் இந்த மனோன்மணிச் சரிதான். நாம் அதை அவர்களின் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறோம். "நான் கட்டாயப்படுத்தவே இல்லை, அவனே பயோ-மேத்ஸ் எடுத்தான்" என்கிறோம். மூன்று வயதில் விஜயதசமியன்று பூஜப்புரை மண்டபத்தில் மடியில் உட்கார வைத்துத் தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்தபோது, வீறிட்டு அழுத முகத்தைப் போட்டோ எடுத்து, "வருங்கால டாக்டர்" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள் நாம். பதினான்கு வருஷம் காதில் விழுந்துகொண்டே இருந்த வார்த்தையைப் பிள்ளை திருப்பிச் சொன்னால் அது அதன் சொந்த வார்த்தையா? அந்த எழுத்துக்கு உரிய சரஸ்வதியாவது நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து யானையேறிக் கோட்டைக்குள் வந்து, ஒன்பது நாள் சங்கீதம் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். வருகிற வழியில் யாரிடமும் அவள் ரேங்க் கேட்டதாகத் தகவல் இல்லை.

கல்யாணத்தைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். அறுபது வருஷம் கழித்து, 2021-ல், கேரள அரசு ஆண் ஊழியர்களிடம் கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் "வரதட்சணை வாங்கவில்லை" என்று எழுதிக் கேட்டது. மனைவி, மனைவியின் அப்பா, பையனின் அப்பா மூவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றில் இரண்டு கையெழுத்து பெற்றோருடையது என்பதைக் கவனித்தீர்களா? யார் ஆசையில் அந்த வியாபாரம் நடக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ஆசையை ஒழித்துவிடலாமா? வேண்டாம், நம்மால் ஆகாது, வள்ளுவரே நம்மிடம் அதைக் கேட்கவில்லை. அவாவறுத்தல் அதிகாரத்தை அவர் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானுக்கு அவர் வைத்தது வெஃகாமை, அதாவது பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. அடுத்தவன் தென்னந்தோப்பைப் பற்றியது என்று நினைத்து நாம் அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகிறோம். பிள்ளையின் வாழ்க்கை பிறர் பொருளா இல்லையா? நாம் பெற்றோம், சோறு போட்டோம், ஃபீஸ் கட்டினோம். வாழப்போவது அது. சம்சாரத்தில் இருந்துகொண்டு இது முடியுமா என்பீர்கள். தைக்காட்டு அய்யாவை இந்த ஊர் மறந்துகொண்டு வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து தைக்காடு ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்தவர், மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியவர். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் யோகம் கற்றுக்கொள்ள அவரிடம் போனார்கள். சுந்தரம் பிள்ளையும் அவருடைய சீடர்தான். சம்பளம் வாங்கும் சம்சாரிக்கு இதெல்லாம் நடவாது என்று சாக்குச் சொல்ல இந்த ஊரில் நமக்கு வழியில்லை.

எந்த ஆசை நம்முடையது, எது பிள்ளையுடையது என்று கண்டுபிடிப்பது எப்படி? என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு நீங்கள் நினைத்த படிப்பு, நினைத்த காலேஜ் கிடைத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: யாரிடமும் சொல்லக் கூடாது. எதிர் ஃபிளாட்டில் கூடாது. ஆபீஸில் லட்டு விநியோகம் கூடாது. குடும்பக் குரூப்பில் மூச்சு விடக் கூடாது. நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் டிகிரி போடக் கூடாது. உங்கள் அக்காவிடம் சொல்லவே கூடாது. இப்போதும் அதே ஃபீஸ் கட்டுவீர்களா? அதே கடன் வாங்குவீர்களா? இந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் உங்களுக்கு "சே, இது என்ன நியாயம்?" என்று தோன்றியதோ, அந்த இடத்தில்தான் உங்கள் ஆசை உட்கார்ந்திருக்கிறது. என் சிநேகிதி ஒருத்தி பத்திரிகை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். அக்கா என்றதும் அவள் முகம் மாறியது, அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கே தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

கண்டுபிடித்த ஆசையை அடக்கிப் புதைக்க வேண்டாம். எடுத்து உங்கள் பேரிலேயே வையுங்கள். டாக்டராகவில்லையே என்ற ஏக்கமா? நீட்டுக்கு மேல் வயது வரம்பு 2022-ல் எடுத்தாகிவிட்டது. அதற்கும் முன்பே, 2020-ல், ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 64 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்தார். ஃபாரத்தை அப்பா பேரிலேயே போடலாம், தடையில்லை. போட்டுவிட்டு, காலை நாலரைக்கு எழுந்து பிசிக்ஸ் கணக்கு பத்து போட்டுப் பாருங்கள். பிறகு பிள்ளையிடம் பேசும் தொனி தானாக இறங்கும். படிக்காமல் விட்டோமே என்ற வருத்தமா? பாளையத்தில், 1829-ல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் இருக்கிறது, அதன் வாசலில் வயது கேட்பதில்லை. பாட்டு கற்கவில்லை என்றால் கரமனையிலும் கோட்டையிலும் பாட்டு டீச்சர் இல்லாத தெரு உண்டா? அறுபது வயதில் சரளி வரிசை பாடினால் யார் என்ன செய்துவிடுவார்கள்!

அப்படியும் பிள்ளை வழியாகத்தான் நிறைவேற வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆசைகள் உண்டு. அவற்றைப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது மேல். "இது என் ஆசைடா. நீ முடியாதுன்னு சொல்லலாம். சொன்னா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுப்பேன், மூணாம் நாள் சரியாயிடுவேன்." இதைச் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். "உன் நல்லதுக்குத்தான்" என்பதற்கு எதிராகப் பிள்ளை எதுவும் பேச முடியாது. "என் ஆசை" என்றால் அது பேரம் பேசலாம். நாம் தவிர்ப்பது அந்தப் பேரத்தைத்தான்.

பணத்துக்கும் வருஷத்துக்கும் ஒரு கோடு போடுவது இன்னும் அவசரம். ரிப்பீட்டர் பேட்ச் ஒரு தடவையா, இரண்டு தடவையா? கடன் எவ்வளவு வரை? ஊரில் இருக்கும் அப்பா வீட்டில் கை வைப்பதா, கூடாதா? இதைச் சேரும் முன்பே வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு எழுத முடியாது. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு வருஷம்தானே" என்ற குரல் அப்போது ஆரம்பித்துவிடும். மூன்றாவது வருஷம் தாடியோடு பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கும் பையன்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வேறு எதிலோ கை ஓடும். எதில் என்று அப்பாவுக்கும் தெரியும், சொல்ல மாட்டார்.

கடைசியாக ஒரு கோரிக்கை, அசோசியேஷன் கமிட்டிகளில் இருக்கும் நம்மாட்களுக்கு. ஓணம் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போது ஃபுல் ஏ பிளஸ் பாராட்டை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வரவில்லையென்றால் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் மேடையேற்றிப் பாயசம் கொடுத்து அனுப்புங்கள், தோற்ற பிள்ளையையும் சேர்த்துத்தான். ஃபிளக்ஸும் வேண்டாம், மொமென்டோவும் வேண்டாம். கைதட்டு வாங்கியே தீர வேண்டும் என்றிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு அதே மைதானத்தில் சாயங்காலம் வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி, இருக்கிறது. ஆள் சேரவில்லை என்று செயலாளர் வருஷாவருஷம் மைக்கில் கெஞ்சுகிறார். பேர் கொடுங்கள்.